நாலு மூலை

கொக்குவில் சந்தியில் பாமசிக்கு மேல்மாடி.
மத்தியானம் கரண்ட் போய் வந்ததில்
ரவுட்டர் இன்னும் கண் சிமிட்டுகிறது.
நோர்வேயிலிருந்து மணிமாறன் எழுதியிருக்கிறார்:
"தங்கச்சி, மண்டபத்து முற்பதிவுப் பொத்தானைச் சுத்தி
ஒரு மஞ்சள் கோடு ஓடுதெல்லே,
அது மூலையில துருத்துது."

துருத்தத்தான் செய்கிறது.
பொத்தான், பாவித்த சவர்க்காரக் கட்டியைப் போல
ஓரம் மழுங்கி இருக்கிறது.
கோடு மட்டும் சதுரம்.

பொத்தானைக் கேட்டு அதன்படி வளையச் சொல்லி
கோட்டுக்கு எழுதியவள் நான்தான்.
ஜாவாஸ்கிரிப்டில் திரும்பவும் கேட்டுப் பார்த்தேன்:
உன் ஸ்டைலில் போர்டர் ரேடியஸ் என்ன?
இரண்டு மேற்கோள்குறிகள் வந்தன.
நடுவில் ஒன்றுமில்லை.
சைபர்கூட இல்லை.

கேதாரன் கதிரையைத் திருப்பாமலே சொன்னான்:
"அதின்ர மேல எழுதினதைத்தானே கேட்டனீ.
அதின்ர மேல ஆரும் ஒண்டும் எழுதேல்லை."

உண்மைதான். வேறொரு கோப்பில்
இருநூற்றுப் பதினாலாம் வரியில்
பொத்தான் என்று பிறந்த எல்லாவற்றுக்கும் ஒரு விதி.
இதற்கு அது தெரியாது.
உடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பொத்தானை விட்டு உலாவியைக் கேட்போம்:
விதிகள் எல்லாம் முட்டி மோதி ஓய்ந்த பிறகு
கணக்கில் என்ன மிச்சம்?
புதிய உலாவி உடனே சொன்னது, பன்னிரண்டு பிக்சல்.
மணிமாறன் இன்னும் வைத்திருக்கும் அந்தப் பழையது
திரும்பவும் இரண்டு மேற்கோள்குறி.

சுருக்கிக் கேட்டால் அதற்கு விளங்காதாம்.
மேல் இடது என்ன என்று கேட்க வேண்டும்.
பிறகு மேல் வலது.
மூலை மூலையாகக் கேட்டால்
ஒளிக்காமல் சொல்லிவிடும்.

மூன்றாவது மூலையை எழுதும்போது கை நின்றது.

போன சனிக்கிழமை திருநெல்வேலியில்
அறை பார்க்கப் போயிருந்தேன்.
தனி வாசல். தண்ணீர்த் தாங்கி புதிது.
எல்லாம் காட்டி முடித்து, கேற்றடியில் வைத்து
மங்களேஸ்வரி கேட்டா: "பிள்ளை எவடம்?"
"கொக்குவிலில வேலை" என்றேன்.
அவவுக்கு அது பதிலாகப் படவில்லை.
"அப்பா என்ன செய்யிறார்?"
"எந்தப் பள்ளிக்கூடம் படிச்சனீங்கள்?"
"திருவிழாவுக்கு எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?"
சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட்ட வீட்டுக்காரர்
திரும்பிப் பாராமல் நாலாவதைக் கேட்டார்:
"அம்மான்ர ஊர்?"

என்மேல் யாரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
நான் திறந்தும் பார்க்காத ஏதோ கோப்பில்
எனக்கு முன்பே எழுதிய ஒரு வரியை
கேற்றடியில் நின்று கணித்து முடித்துவிட்டார்கள்.
"வேற ஆக்கள் அட்வான்ஸ் தந்திட்டினம் பிள்ளை."
நல்ல மரியாதை. ஒரு மூலையும் குத்தவில்லை.

நாலு மூலையையும் எழுதி முடித்தேன்.
வேறு வழி இல்லை, பழைய உலாவிக்கு.

அடுத்த பொத்தானில் இன்னொரு கூத்து.
யாரோ தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று
போட்டு வைத்திருக்கிறார்கள்.
கேட்டால் அதையே சொல்கிறது.
பொத்தானின் உயரமோ நாற்பது.
வளைந்தது இருபதுக்கு மேல் இல்லை,
இடம் இருந்த மட்டும்.
அந்த இருபதை, எப்படிக் கேட்டாலும்
உலாவி வாயால் எடுக்க முடியாது.
கண்ணால் பார்த்தால்தான் உண்டு.
கேதாரனுக்கு இது எரிச்சல்.
எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதல்.

ஆறு மணிக்கு மேலேற்றினேன்.
கீழே பாமசிக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்திருந்தார்.
மணிமாறனின் பதில் பஸ் தரிப்பில் வைத்து வந்தது:
"கோடு வடிவா வளையுது. நல்ல வேலை தங்கச்சி.
அதுசரி, நீர் எவடம்?"

இரண்டு மேற்கோள்குறி தட்டி,
நடுவில் ஒன்றும் வைக்காமல்
அனுப்பினேன்.